மழை கொட்டியும் வற்றிய ஓடை

அவள் அதிகம் பேசமாட்டாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் பதினோரு வருடம் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்தவள். தொண்டை கிழியக் கத்தினாலும் அங்கே யார் காதிலும் விழாது. வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பழகிவிட்டாள். புருஷன் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அவனுக்கென்ன, இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

அவன் பிளம்பர். ஊரார் வீட்டுக் குழாயையெல்லாம் சரிசெய்து அலுத்துப்போய், "இனி யாரு தயவும் நமக்கு வேண்டாம்" என்று ஒருநாள் சாப்பிடும்போது அறிவித்தான். அறிவித்தான், அவ்வளவுதான், அவளைக் கேட்கவில்லை. மூன்றே மாதத்தில் அவளையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு இந்த மலைக்காட்டுக்கு வந்துவிட்டான். நாலு வருடத்தில் ஓடையோரம் மரவீடு எழும்பியது. பக்கத்து மேட்டில் உருளைக்கிழங்குப் பாத்தி, வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆடு. ஓடையின் மேற்பக்கம் சல்லடை வைத்த ஒரு தொட்டி. அங்கிருந்து அடுப்படி வரை கருப்புப் பைப். அதே தண்ணீர் ஒரு சின்ன டைனமோவைச் சுற்றி விளக்கும் போட்டது. சும்மா சொல்லக் கூடாது, வேலையில் மனுஷன் கெட்டி.

மழை பிடித்த மூன்றாம் நாள் காலை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

"சல்லடைல எலை அடைச்சிருக்கும்" என்றான் அவன். பிளம்பருக்குத் தண்ணீர் வராமல் போக உலகத்திலேயே ஒரே காரணம்தான், அடைப்பு. டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடையை ஒட்டியே மேலே ஏறிப் போய்விட்டான்.

மிச்சப் பாத்திரத்தை ஓடையில் கழுவிக்கொள்ளலாம் என்று அவள் கூடையோடு இறங்கினாள். தினமும் துணி துவைக்கிற பாறை நேற்று முழுகிக் கிடந்தது. இன்று அதன் அடிப்பாசி வரை தெரிந்தது. இரண்டடித் தண்ணீரைக் காணோம். மழையோ கொட்டு கொட்டென்று கொட்டுகிறது.

லாண்டரியில் ஒருமுறை கழிவுநீர்க் குழியில் இப்படித்தான் தண்ணீர் திடீரென்று வற்றியது. குழிக்கு வரும் குழாயில் ஒரு போர்வை சிக்கியிருந்தது. அது பிய்த்துக்கொண்டு வந்தபோது இடுப்பளவு தண்ணீர் அறையையே புரட்டிப் போட்டது. இங்கே போர்வை இல்லை. மலை எங்கோ சரிந்து ஓடையை மறித்திருக்கிறது. அவனோ அதை நோக்கித்தான் போயிருக்கிறான்.

"பாப்பா! ஆட்டை அவுத்துக்கிட்டு மேட்டுக்குப் போ! நான் வர்ற வரைக்கும் எறங்கக் கூடாது!"

"மழைல எதுக்கும்மா?"

"போன்னா போ!"

மகள் மிரண்டுபோய் ஓடினாள். அம்மா கத்தி அவள் கேட்டதே இல்லை. மகளோடு போவதா, அவனைத் தேடிப் போவதா என்று அவளுக்குக் கால் ஒரு கணம் தடுமாறியது. பிறகு ஓடைப் பக்கம் ஏறினாள். வழுக்கி விழுந்தாள், முழங்காலில் தோல் பெயர்ந்தது, எழுந்து மறுபடி ஏறினாள்.

அவன் வற்றிய ஓடையின் நடுவில், தொட்டி அருகே சாவகாசமாக நின்றிருந்தான்.

"சல்லடை சுத்தமாத்தான் இருக்கு. மேல எங்கயோ அடைப்பு. போய் என்னன்னு பாத்துட்டு வந்துடறேன்."

"ஏங்க, கரைக்கு வாங்க. மேல தண்ணி தேங்கி நிக்குது. ஒடைச்சுக்கிட்டு வந்துரும்."

"இருவது வருஷமா தண்ணியோட மாரடிக்கிறேன், எனக்கே பாடம் எடுக்கறியா? ரெண்டே நிமிஷம்."

இவனிடம் வாதாடினால் விடிந்த மாதிரிதான். பெண்டாட்டி கூப்பிட்டு வராதவன் ஸ்பானருக்காக வருவான் என்பது அவளுக்குத் தெரியும். சட்டென்று டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கரைச் சரிவில் ஏறி ஓடினாள்.

"ஏய்! புத்தி கெட்டுப் போச்சா? வெச்சிட்டுப் போடி அதை!"

அவள் திரும்பவில்லை. கைப்பிடி விரலை அறுத்தது. பின்னால் அவன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறி வந்தான். அந்த ஒவ்வொரு வசவும் அவள் காதில் தேனாகப் பாய்ந்தது. திட்டு கேட்கும் வரை அவன் வந்துகொண்டிருக்கிறான்.

திடீரென்று திட்டு நின்றது. காலடியில் மண் அதிர்ந்தது.

வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. சேறும் பாறையும் வேரோடு பிடுங்கிய மரங்களும் ஒன்றாக உருண்டு வந்தன. சற்று முன் அவன் நின்றிருந்த இடமும் தொட்டியும் போயின. கீழே டைனமோ போனது, அடுப்படி போனது, கடைசியில் வீட்டுக் கூரை ஒருமுறை சாய்ந்து, பிறகு அதுவும் போனது.

"பாப்பா!" இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். மேட்டிலிருந்து "அம்மா!" என்று பதில் வரும் வரை இருவருக்கும் உயிர் உயிராக இல்லை.

அவன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்ப என்ன பண்றது? நீ சொல்லு."

இதுவரை அவன் அவளிடம் கேட்டதெல்லாம் ஸ்பானர் எங்கே, உப்பு எங்கே என்பதுதான். வீடு போனபோது அழாதவளுக்கு இப்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கே திரும்பிவிடலாம் என்ற வார்த்தையை நாலு வருடமாக நாக்கிலேயே வைத்திருந்தாள். அவன் கேட்டதும் அது தேவையில்லாமல் போய்விட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கயே இருப்போம். ஆனா வீடு எங்கன்னு நான்தான் சொல்வேன்."