அம்மா கட்டிய அடுப்பு மேடை

இராமநாதபுரத்தில் நாங்கள் கட்டும் வீட்டின் சமையலறையில் இன்று கொத்தனார் சிமெண்டு குழைத்தார். அந்த ஈர வாசனை என்னைக் கடலாடிப் பக்கத்துச் சிற்றூருக்கு, சிறுமியாக இருந்த நாளுக்குக் கொண்டுபோனது.

அங்கே எல்லார் வீட்டிலும் அடுப்பு தரையில்தான். குனிந்து ஊதி ஊதி அம்மாவுக்குத் தீராத இடுப்புவலி. மேடை கட்டித் தரும்படி அய்யாவிடம், அதாவது என் அப்பாவிடம், கேட்டாள்.

"நின்னுக்கிட்டே சமைக்க இது என்ன ஓட்டலா?" என்றார் அய்யா.

அவர் மிளகாய் மூட்டைகளோடு மதுரைக்குப் போன அன்று, மாட்டுக்கொட்டகை கட்டி மிஞ்சிய செங்கல்லையும் சிமெண்டையும் எடுத்து அம்மாவே மேடை கட்டிவிட்டாள்.

மறுநாள் திரும்பிய அய்யா மேடையை அழுத்திப் பார்த்தார்.

"கொத்தன் யாரு?"

"நாந்தான்."

வெளியே போனவர் கடப்பாரையோடு வந்தார். இடிக்கப்போகிறார் என்று நான் அழத் தொடங்கினேன்.

"புகை போக வழி வேணாமா?" என்றபடி அடுப்புக்கு மேலே சுவரை உடைத்துச் சன்னலுக்கு இடம் விட்டார்.

பிறகு யார் வீடு கட்டினாலும், "அடுப்பு மேடைக்கு எம் பொண்டாட்டியக் கூப்பிடுங்க" என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவர் அவர்தான்.

"மேடை எம்புட்டு உயரம் வைக்கக்கா?" என்று கொத்தனார் கேட்டதும் இன்றைக்குத் திரும்பினேன்.

"கொஞ்சம் பொறுங்க. எங்கம்மா பஸ்ல வந்துக்கிட்டு இருக்காக. அவுக சொல்லுவாக."