எல்லாருக்கும் இப்படித்தான்

மேமோகிராம் அறையில் அவளுக்குப் பதினெட்டு வருட அனுபவம். மார்பகத்தைத் தட்டில் வைத்து மேல்தகட்டை இறக்கி, "மூச்சைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிப் பழகியவள், வீட்டில் குக்கரை மூடும்போதும் தன்னையறியாமல் அதையே முணுமுணுப்பாள். அதற்காக அவளுக்கு 'மெஷின்' என்று பட்டம் கட்டியவள் சின்ன நாத்தனார். ரவிக்கை தைக்கிறவள், வாய்த்துடுக்கு.

மூன்று வருடம் இருக்கும், அந்த நாத்தனாரை நச்சரித்துப் படமெடுக்கக் கூட்டிவந்தவளும் இவள்தான்.

"ஏன் அண்ணி இப்படி நசுக்குறே? நான் அளவெடுக்கறப்ப எவளாவது கத்தியிருக்காளா?"

திரையில் படம் வந்தது.

"என்ன, ஒரே வெள்ளையா இருக்கு?"

"நம்ம பொம்பளைங்க எல்லாருக்கும் இப்படித்தான். வேற சில இனத்துக்காரங்களைவிட நமக்குத் திசு அடர்த்தி ஜாஸ்தி. ஆனா நோய் வர்றது அவங்களைவிடக் கம்மி."

இரண்டும் அவள் படித்தவைதான். எந்த இனமானாலும் அதற்குள் அடர்த்தி கூடியவளுக்கு ஆபத்தும் கூடுதல் என்பதையும் படித்திருந்தாள். அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. சுண்ணாம்புச் சுவரில் பஞ்சைத் தேடுகிற கதை. ஆனால் நாள்தோறும் வெள்ளைப் படங்களாகவே பார்த்ததில் அவளுக்கு அது மரத்துப்போயிருந்தது.

'சந்தேகப்படும்படி ஏதும் தெரியவில்லை. அடர்த்தி மிக அதிகம். ஸ்கேன் செய்வது நல்லது' என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"கடைசி வரி என்ன அண்ணி?"

"அது எல்லாருக்கும் எழுதறதுதான்."

பதினோரு மாதம் கழித்து, தனக்கே தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தபோது சின்னவளின் விரலில் கட்டி தட்டுப்பட்டது. ஒன்றரை வருடம் மருந்தோடு மல்லுக்கட்டினாள். போய்ச் சேர்ந்து நாலு மாதமாகிறது. அந்தக் கடைசி வரியைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது.

இன்று பெரிய நாத்தனார் வந்திருந்தாள். தங்கைக்கு வந்ததால் அவளும் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதே வெள்ளை.

"நல்லாத்தானே இருக்கு?"

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவள் விழுங்கிக்கொண்டாள்.

"இதுல தெரியலக்கா. இன்னிக்கே ஸ்கேன் எடுத்துடலாம். நானும் கூட வர்றேன்."

"சின்னவளுக்கு எடுத்தியா?"

"இல்ல."

"அவ படம் எப்படி இருந்துது?"

மெஷினைத் துடைக்க எடுத்த துணி இவள் கையிலேயே இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பழைய படத்தை யார் தேடப்போகிறார்கள்?

"இதே மாதிரிதான்க்கா."

"அவ ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டா. எல்லாருக்கும் இப்படித்தான்னு சொன்னேன். ஸ்கேன் பண்ணச் சொல்லி எழுதியிருந்துது. வேணாம்னு விட்டுட்டேன்."

பெரியவள் ரவிக்கைக் கொக்கிகளை மாட்டினாள். தங்கை தைத்துக் கொடுத்த ரவிக்கை. மேல்கொக்கி மட்டும் வெகுநேரம் மாட்டவில்லை. உதவப்போன இவள் கை பாதியிலேயே நின்றது.

"ஸ்கேன் ரூம் எங்க?"

"வலது பக்கம், ரெண்டாவது கதவு."

"நான் போய்க்கறேன். நீ வரவேணாம்."