தூம்பா மேசையில் ஏறிய மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளை உயரத் தூக்கி நிறுத்த எது தோது என்று யாராவது என்னிடம் கேட்டால் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவேன். கயிறு ஆகாது. பள்ளம் ஆகவே ஆகாது. பெஞ்சை நம்பினால் போச்சு. எல்லாம் சாந்தோமில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

என் வீட்டுக்காரர் உலக யுத்தம் முடிந்து திரும்பியபோது மடங்காத வலது முட்டியோடு வந்தார். பட்டாளத்தில் அவர் மோட்டார் மெக்கானிக். கை நன்றாக இருந்தது, கண் நன்றாக இருந்தது, வாய்க்கும் குறைவில்லை. முட்டி மட்டும் விறைத்துவிட்டது. ராயப்பேட்டையில் ஒர்க் ஷாப் வைத்திருந்த பாய் அவருக்குப் பழைய சிநேகிதர். அவரிடம் வேலை கேட்டுப் போனார். அங்கே எல்லாரும் தரையில் குந்தித்தான் வேலை செய்வார்கள். குந்த முடியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பாய் டீ வாங்கிக் கொடுத்து, தலை குனிந்தபடி சொல்லி அனுப்பிவிட்டார்.

அதைவிட அவருக்கு வலித்தது இன்னொன்று. எங்கள் மாதா கோயிலில் இறந்தவர்களைச் சுமந்து போவதற்கென்று ஒரு சபை உண்டு. சுமக்கும் பெட்டிக்குத் தூம்பா என்று பெயர். பட்டாளத்துக்குப் போகும் முன் அவர் முன் வரிசையில் தோள் கொடுத்தவர். தூக்குகிறவர்கள் எல்லாரும் ஒரே நடையாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி ஆடும். விந்தி நடப்பவருக்கு அதில் இடமில்லை. மனது நோகக்கூடாது என்று, தூம்பாவை இறக்கி வைக்கிற மேசையைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். மேசை எங்கள் பின்கட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்தபடியே மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்த மேசையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் கைவண்டியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலில் வந்து இறங்கியது. பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்ட இடத்தில் எடுத்தாராம். ஓடாத வண்டி. பாயிடம் அவர் பந்தயம் மாதிரி பேசிவிட்டு வந்திருந்தார். நின்றபடியே இன்ஜினைப் பிரித்து, மறுபடி பூட்டி, ஓடவிட்டுக் காட்டுவேன், காட்டினால் வேலை கொடுக்க வேண்டும் என்று. பாயும் சரி என்றுவிட்டார். ஆக, வண்டி ஓடினால் வேலை. ஓடாவிட்டால் இந்த மனிதர் ஆயுசு முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார், நானும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில் வேப்பமரத்துக் கிளையில் கப்பி கட்டித் தூக்கினோம். வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. அவர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டு திரும்பவில்லை, வண்டி திரும்பியது. நான் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினேன். அடுத்து, அவர் உள்ளே இறங்கி நிற்கப் பள்ளம் தோண்டினோம். கடற்கரையை ஒட்டிய மண், இடுப்பளவு போவதற்குள் தண்ணீர் ஊறி, கரையும் சரிந்துவிட்டது. பிறகு என் அம்மா வீட்டுச் சீதனப் பெஞ்சு. வண்டியை ஏற்றிய உடனே மளுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வர ரொம்ப நேரம் ஆயிற்று.

உடைந்த கட்டைகளைக் கொட்டகையில் போடப் போனபோதுதான் தூம்பா மேசை கண்ணில் பட்டது. தேக்கு. கால் ஒவ்வொன்றும் என் தொடை தண்டி. ஒரு ஆள் படுக்கிற நீளம். உயரம் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, அதன்மேல் வண்டி நின்றால் இன்ஜின் நேராக அவர் இடுப்புக்கு வரும். நான் சொன்னதும் அவர் சிலுவை போட்டுக்கொண்டார். செத்தவர்கள் மேசையாயிற்றே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"செத்தவங்க வருஷத்துக்கு நாலு தடவ வருவாங்க. மத்த நாளெல்லாம் அது சும்மாதானே நிக்குது. உயிரோட இருக்கிற ஆளுக்கு ஒதவினா ஆண்டவர் கோவிச்சுக்கவா போறார்?"

பலகை இரண்டைச் சாய்த்துப் போட்டு, மீன் விற்க வரும் குப்பத்துக்காரர்களைக் கூப்பிட்டேன். கட்டுமரத்தைக் கரையேற்றுகிற அதே பாட்டோடு தள்ளி மேலே நிறுத்திவிட்டுப் போனார்கள். மேசை முனகக்கூட இல்லை. என்னவர் நிமிர்ந்து நின்று, காலை நீட்டி ஊன்றிக்கொண்டு, வேலையை ஆரம்பித்தார். மறுநாள் அடுப்படியில் நான் கேட்டது அவருடைய சீட்டியை. பட்டாளத்துக்குப் போன நாளிலிருந்து கேட்காத சீட்டி அது. குழம்பு அடிப்பிடித்தது, பிடிக்கட்டும் என்று நின்று கேட்டேன்.

சக்கரங்கள் கழன்றன. இன்ஜின் மேல் பாகம் பிரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கோயிலில் துக்கமணி அடித்தது.

எதிர் வீட்டுப் பாட்டு வாத்தியார் சில நாளாகவே படுக்கையில் இருந்தார். கோயிலில் பாடற்குழுவை நடத்தியவர், சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மணி நின்ற கையோடு சபைக்காரர்கள் மேசைக்கு வந்துவிட்டார்கள். சபைத் தலைவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து அப்படியே நின்றார்.

"இன்னாம்மா இது? தூம்பா மேசைல மோட்டார் சைக்கிள் கீது?"

வண்டியை உருட்டி இறக்கச் சக்கரமே இல்லை. தூக்கித்தான் ஆக வேண்டும். என்னவர் எந்தப் பக்கம் கனம் என்று சொல்ல, பழகின தோள்காரர்கள் ஒரே மூச்சில் தூக்கினார்கள். தூக்கிய பிறகுதான் எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கிரீஸ் சொட்டச் சொட்ட, சாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, வண்டியைச் சுமந்தபடி கொட்டகையில் நின்றார்கள்.

அப்போது வாத்தியார் மகள் தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். அப்பா மயக்கம் தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார், காபி கேட்கிறார், மணி யாருக்கு அடித்தது என்றும் கேட்கிறார் என்றாள். நடந்தது இதுதான். வீட்டில் பெண்கள் அழுததைக் கேட்டுவிட்டு, மணியடிக்கிற கோயில்பிள்ளை உள்ளே போய்ப் பார்க்காமலே கயிற்றை இழுத்துவிட்டார். சபைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வண்டியை மறுபடி மேசைமேலேயே வைத்தார்கள். தலைவர் மட்டும் இதைச் சாமியாரிடம் சொல்லாமல் விடமாட்டேன் என்று சிடுசிடுத்துக்கொண்டு போனார்.

சொல்லியும் இருப்பார். வாத்தியார் விடவில்லை. நாலு நாளில் கம்பை ஊன்றிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கே வந்தார், தலைவரையும் வரவழைத்தார்.

"மேசை காலியில்லன்னுதான் நான் திரும்பி வந்தேன். வண்டி இறங்குற வரைக்கும் எனக்கு அவசரமில்ல. உனக்கு என்ன அவசரம்?"

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் வாத்தியாருக்குத் தினமும் மாலையில் எங்கள் கொட்டகையில் நாற்காலி. இன்ஜின் பூட்டப் பூட்ட அவர் உடம்பும் தேறியது.

வண்டி தயாரான அன்று பாய் வந்தார். மேசையைத் தட்டிப் பார்த்தார், குனிந்து காலைப் பார்த்தார், என்னவர் நின்ற நிலையில் கார்புரேட்டரைச் சரி செய்வதைப் பார்த்தார். எல்லாம் ஆயிற்று, உதைத்துக் கிளப்ப வேண்டும். உதைக்கிற கட்டை வலது பக்கம். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது, அவர் வலது முட்டி மடங்காது. அவர் முகம் செத்துப்போயிற்று. பாய் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். வேண்டாம் என்றேன். இந்த வண்டியை எங்கள் வீட்டு ஆள்தான் கிளப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். புடவையை இழுத்துச் செருகினேன், என்னவருடைய பட்டாளத்துப் பூட்சைக் காலில் மாட்டிக்கொண்டேன், மேசைமேல் ஏறினேன். வாத்தியார் சுதி பிடிக்கிற மாதிரி கையை உயர்த்தினார். மிதித்தேன். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தேன், இருமியது. பல்லைக் கடித்துக்கொண்டு முழு உடம்பையும் போட்டு மிதித்தேன். படபடவென்று கொட்டகை ஓடெல்லாம் அதிர்ந்தது. வேப்பமரத்துக் காக்காய் ஒன்றுவிடாமல் பறந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, வெட்கமே இல்லாமல் இரண்டையும் செய்தேன்.

பாய் என்னவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வந்துடு நைனா. குந்தவே வேணாம். இதே மாதிரி மேசை ஒண்ணு அடிச்சுடலாம்."

"அடிச்சுக்குங்க," என்றார் வாத்தியார். "இது எனக்கு வேணும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் தெருவில் வண்டியை உதைத்துக் கிளப்பிக் கொடுப்பது என் வேலை. பூட்சும் எனக்கே ஆகிவிட்டது. பார்க்கிற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். சிரிக்கட்டுமே, என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறார்.

அடுத்த மழைக்காலம் முடிந்து வாத்தியார் தூக்கத்திலேயே போய்விட்டார். இந்தத் தடவை கோயில்பிள்ளை உள்ளே வந்து பார்த்துவிட்டுத்தான் மணி அடித்தார். மேசைமேல் ஆயில் கறை கறுப்பாக இருந்தது. சீயக்காயும் தேங்காய் நாருமாக நான் தேய்க்க உட்கார்ந்தேன். வாத்தியார் மகள் வந்து என் கையைப் பிடித்தாள். அந்தக் கறையைத் தேய்க்கக்கூடாது என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார் என்றாள்.

புறப்படும் நேரத்தில் சபைத் தலைவர் என்னவரைப் பார்த்து, முன்னால் வந்து தோள் கொடு என்றார். இவர் தன் காலைக் காட்டினார்.

"தெரியும். உன் நடைக்கு நாங்க நடக்கிறோம்."

தெருமுனை வரைக்கும் பின்னாலேயே நடந்து பார்த்தேன். தூக்கியவர்கள் அத்தனை பேரும் வலது காலை விறைப்பாக வைத்து, இழுத்து இழுத்து நடந்தார்கள். பெட்டி ஆடவே இல்லை.