ஒரே கொல்லையில் இரண்டு மண்: பிள்ளைப்பாக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கம் போய் வந்தேன். தம்பி குமாரும் அவன் மனைவி தேவியும் அங்கே ஒரு ஏக்கர் கொல்லையில் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். பாதிப் பயிர் வெளிறிவிட்டது. கன்டெய்னர் லாரிகள் நிறுத்த ஒரு பார்ட்டி நிலத்தை வாடகைக்குக் கேட்டிருந்தது. அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். வாடகைக்கு விட்டுவிடலாம் என்றான் குமார். கூடாது என்றாள் தேவி. என்னை வரச் சொன்னதும் அவள்தான். எனக்கு விவசாயம் தெரியாது. பரிசோதனைக்கு மண் மாதிரி எடுப்பது எப்படி என்று மட்டும் படித்துக்கொண்டு கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை 6.40க்கு மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ: பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு நடுவே மடியில் களைக்கொத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாக்கா, இது எந்த கம்பெனி டூல்ஸு?" என்றார் டிரைவர்.

"மண்ணு எடுக்கப் போறேன்பா."

"இங்க அல்லாரும் மண்ண விக்க வராங்க. நீ எடுக்க வரியா?"

ஒரகடத்திலிருந்து குமார் பைக்கில் அழைத்துப் போனான். கொல்லையில் ரோட்டுப் பக்கம் பயிர் கரும்பச்சை. பின்பக்கம் இலைகளில் வெள்ளைக் கோடுகள்.

"ரெண்டு வாட்டி யூரியா போட்டாச்சு அண்ணி," என்றாள் தேவி. "இன்னொரு மூட்ட வாங்கி வச்சிக்கினு கீறாரு ஒங்க தம்பி."

"கம்பெனில ஓ.டி. பாத்தா சம்பளம் ஏறுது. அதுமாதிரிதான்னு நெனச்சேன்," என்றான் குமார்.

நான் படித்திருந்த முறைப்படியே வளைந்து வளைந்து நடந்து, அரையடிக் குழிகள் வெட்டி, எல்லா மண்ணையும் ஒரே பிளாஸ்டிக் வாளியில் சேர்த்தோம். பின்பக்கத்தில் தேவி வெட்டிய குழியில் செங்கல் துண்டு வந்தது. இன்னும் தோண்டினாள். மேலே சிவப்புக் கிராவல். முழங்கால் ஆழத்துக்குக் கீழேதான் அவர்களுடைய கறுப்பு மண்.

"என்னடா இது?" என்றேன்.

"பக்கத்துல கம்பெனி கட்டச்சொல்ல பள்ளம் எடுத்தாங்கக்கா. மேடாயிடும்னு இங்க கொட்டிக்கச் சொன்னேன். ஓசிதான்."

இந்தப் பக்கத்தில் பலரும் செய்வதுதான். மேடான நிலத்துக்கு விலை அதிகம்.

"ஓசின்னா செங்கல்லயும் வெதச்சிடுவாரு," என்றாள் தேவி.

வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்கினோம். இந்த முறை இரண்டு பொட்டலம். ஒன்றாகக் கலந்து அனுப்பியிருந்தால் வருகிற முடிவு எந்தப் பாதிக்கும் பொருந்தியிருக்காது. குமார் குனிந்து குழிக்கு அடியிலிருந்த கறுப்பு மண்ணைக் கிள்ளிப் பார்த்தான். பிறகு நிலம் கேட்டவருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நெலம் கெட்டுப்போவல. நான் கொட்டுன மண்ணுதான். இப்போதைக்கு வுடல."

பரிசோதனை நிலையத்திலிருந்து முடிவு வந்தது. ரோட்டுப் பக்கத்துக்கு மேலும் யூரியா வேண்டாம். பின்பக்கத்தில் துத்தநாகமும் மட்குச் சத்தும் குறைவு. பரிந்துரைத்த அளவில் துத்தநாக சல்பேட் தெளித்தார்கள். பழைய கோடுகள் போகவில்லை, புது இலைகள் பச்சையாக வந்தன. அடுத்த பட்டத்தில் அங்கே நிறையத் தொழுவுரம் போட்டு, ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் கலந்த சோயா விதை போடப்போகிறாள் தேவி. அதன் வேர்முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்க்குமாம்.

இந்தப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர்கள் மாதிரி எடுக்கும் முன் எங்கே மண் கொட்டினார்கள் என்று விசாரியுங்கள். வரப்போரம், எருக்குவித்த இடம் வேண்டாம். பழைய உர மூட்டையில் மண்ணைக் கட்டாதீர்கள். வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள்.

கார்த்திகையில் தேவி ஒரு பை கதிர் கொடுத்தனுப்பினாள். "பின்பக்கத்துதுதான் அண்ணி, கொஞ்சம் சின்னதா கீது," என்று போனில் சொன்னாள். உப்புப் போட்டு அவித்து, வீட்டில் எல்லோரும் தின்றோம். பால் பிடித்த மணிகள். தேவிக்கு நன்றி சொல்ல மறுபடி போன் செய்தேன்.