அப்பாவின் பெயரில் டொலேடோ

பயணச்சீட்டிலும் கடவுச்சீட்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. மொன்றியலில் இருந்தே அப்படித்தான் பதிவு செய்தேன். மட்ரிட் நிலையத்தில் கிடைத்த சீட்டிலோ குடும்பப்பெயர் மட்டும் இருந்தது. அதாவது, காலமான என் அப்பாவின் பெயர். உன் பெயர் எங்கே என்று வாயிலில் நின்றவர் மறித்தார்.

"இஞ்சருங்கோ, மாமா வரேல்லை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ," என்றாள் மனைவி.

விளக்கி முடிப்பதற்குள் டொலேடோ ரயில் போய்விட்டது. அடுத்தவற்றில் இடமில்லை. அவள் வருடக்கணக்காக ஆசைப்பட்ட பழைய நகரம் பார்க்காமலே போயிற்று. எங்களவர்க்குத் தகப்பன் பெயரே குடும்பப்பெயர், அவரோ உயிருடன் இல்லை என்று வீடு திரும்பியதும் ரயில் நிறுவனத்துக்கு விரிவாக முறையிட்டேன். மாதங்கள் கழித்து, ரயிலைத் தவறவிட்டதற்கு வருந்துவதாக அப்பாவையே விளித்துப் பதில் வந்தது. அன்று அவருடைய திவசம்.