மாடிக் கணினி ஓடிக்கொண்டிருந்தது

கடைக் கணினிகளைச் சரிபார்க்கப் போகிறவளுக்கு முதலில் கிடைப்பது திட்டு, அப்புறம்தான் டீ. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

எதை வேண்டுமானாலும் நீக்கு

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஜமீலாக்காவின் தையல் கடை. கீழே பில் போட ஒரு கணினி, மாடியில் துணி வெட்டும் காதர் மாஸ்டருக்கு ஒன்று. வாடிக்கையாளர்களின் ஜாக்கெட் அளவெல்லாம் கடை மென்பொருளுக்குள்ளேயே பொதிந்த குட்டி டேட்டாபேஸில் இருக்கும். இரண்டு கணினியும் மோதிக்கொள்ளாமலிருக்க அது சில தற்காலிகக் கோப்புகளை வைத்துக்கொள்ளும். யாராவது கால் இடறி பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அவை சிக்கிக்கொள்ளும், மென்பொருள் திறக்காது. ஒரு கட்டளை தட்டி நீக்கினால் போதும், மறுபடி திறக்கும்போது புதிதாகப் போட்டுக்கொள்ளும். ஊர்ப் பள்ளியில் கணினியைக் கண்ணாடிக் கதவு வழியாக மட்டும் பார்த்த நானே சீக்கிரம் கற்றுக்கொண்டேன்.

யாராவது இன்னும் உள்ளே வேலை செய்தால் அந்தக் கட்டளை மறுத்துவிடும். கூடவே 'ஃபோர்ஸ்' என்று தட்டினால் மறுக்காது. வினையே அதில்தான்.

முதல்முறை திரையில் 'ரிமூவ்' என்று பார்த்ததுமே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் புருஷனை வேணா ரிமூவ் பண்ணும்மா, அளவை மட்டும் தொட்டுடாதே லா!"

வெள்ளிக்கிழமை மதியம்

தீபாவளி நெருக்கத்தில் மறுபடி சிக்கியது. என் மகளுக்குக் காய்ச்சல், அதனால் என்னோடு வேலை பார்க்கும் பிரபு போனான். காதர் மாஸ்டர் கணினியை அணைக்காமல், அறையைப் பூட்டிச் சாவியோடு ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கட்டளை மறுத்தது. கடை நிறையப் பெண்கள், ஆளாளுக்கு அவசரம். பிரபு 'ஃபோர்ஸ்' தட்டிவிட்டான். பூட்டிய அறைக்குள் மென்பொருள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. அளவுகள் மொத்தமும் சிதைந்து போயின.

காப்பு நகல் எடுக்கும் பென்டிரைவையாவது பார்க்கலாமென்றால், வெயில் காலத்தில் யாரோ அதைப் பிடுங்கிவிட்டுக் குட்டி மின்விசிறியைச் செருகியிருந்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த அளவு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தொழுகை முடித்து வந்த மாஸ்டர் தொப்பியைக் கழற்றாமல் நின்றார். "கொஞ்சம் பொறுத்திருந்தா நானே வந்து மூடியிருப்பேனேப்பா."

ஈசூன் அம்மாவின் ஜாக்கெட்

தொலைந்த அளவுகளில் ஒன்று ஈசூனில் படுத்த படுக்கையாக இருந்த ஓர் அம்மாவுடையது. தீபாவளிப் பட்டுக்கு ஜாக்கெட் வேண்டுமென்று மகள் விஜயா கேட்க, ஜமீலாக்கா வீட்டுக்கே போய் அளந்து வந்திருந்தார். கணினியில் ஏற்றியதும் சீட்டைக் கிழித்துப் போடுவது அவர் வழக்கம். மறுபடி போய் அளப்பதற்குள் அந்த அம்மா தவறிவிட்டார்.

நான் கடையில் இருந்தபோதுதான் விஜயா வந்தார். அந்தப் பட்டையே உடுத்தி அனுப்ப வேண்டும், ஜாக்கெட் அன்றைக்கே வேண்டும். நோயில் அந்த அம்மா பாதியாகிவிட்டதால் பழைய ஜாக்கெட்டெல்லாம் தொளதொள. ஜமீலாக்கா டேப்பைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். "குத்துமதிப்பாத்தான் தைக்கணும். மன்னிச்சிடும்மா."

விஜயா அழவில்லை. "கை இறுக்குது, கழுத்து இறங்குதுன்னு எப்பவும் உங்களைத் திட்டுவாங்களேக்கா. இன்னைக்குத் திட்டவா போறாங்க? தைங்க."

'உள்ளே ஆள் இருக்கிறது' என்று கணினி சொன்னால் மாடியேறிப் பார்ப்பதும், பூட்டியிருந்தால் படியிலேயே உட்கார்ந்திருப்பதும்தான் இந்தத் தொழிலில் நான் படித்த மொத்தப் படிப்பு.