நாலாம் பந்தி

ஏற்காட்டில் ஒரு புது ஓட்டல் வாசலில், ‘எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். சலீம் இருந்திருந்தால் அன்று சாயங்காலமே கழற்றியிருப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் எஸ்டேட்டில் கணக்கு எழுத வந்த புது ரைட்டர். கையெழுத்து அழகாக இருக்கும், சோறு வடிக்கத் தெரியாது. அதனால் மூன்று வேளையும் ஃபாத்திமாம்மாவின் சாப்பாட்டுக் கடைதான். சலீம் அவருடைய ஒரே மகன். கடையின் ஒரே நஷ்டமும் அவன்தான். சேர்வராயன் கோயில் திருவிழாவில் மூன்று பந்தி முடித்துவிட்டு, நாலாவதில் தலைப்பாகை கட்டிக்கொண்டு வேறு ஆளாக உட்கார்ந்தான். பரிமாறியவர் குனிந்து பார்த்து, “ஏனுங்க, தலை வேறயா இருக்குது, கை அதே கையா இருக்குதுங்களே” என்றார். பக்கத்து இலையில் இருந்த எனக்குப் புரையேறியது.

பட்டாளத்தில் தினமும் முட்டை உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் சேர்ந்தான் என்பது என் கட்சி. எழுபத்தொன்றில் சண்டை வந்தது. சலீம் எதிரியிடம் பிடிபட்டதாகத் தந்தி வந்தது. கடைவீதியே திரண்டு போய் ஃபாத்திமாம்மாவைத் தேற்றியது. எல்லோரும் சொன்னது ஒன்றுதான். “பயப்படாதீங்கம்மா. அவனுக்குச் சோறு போட்டு மாளாதுங்க. அவுங்களே கொண்டாந்து வுட்டுருவாங்க.” அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே ஒரு வருஷத்தை ஓட்டினார்.

கைதிகள் திரும்பினார்கள். சலீம் வரவில்லை. முகாமிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று தகவல் மட்டும் வந்தது. பிறகு ஒரு நாள், அவனோடு அடைபட்டிருந்த சேலத்துப் பையன் பஸ் ஏறி வந்தான். ஃபாத்திமாம்மா அவனிடம் வேறு எதுவும் விசாரிக்கவில்லை.

“வயித்துக்குப் போட்டாங்களா, கண்ணு?”

“போட்டாங்கம்மா. பத்தலைன்னு என் ரொட்டியவும் புடுங்கித் தின்னுட்டான்.”

அம்மா சிரித்தார். சிரித்தபடியே அழுதார். “அவன் நொம்ப மோசம் சாமி. மனசுல வெச்சுக்காத” என்று அவனுக்கு இலை போட்டு, போதும் போதும் என்றாலும் விடாமல் பரிமாறினார்.

பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். படியில் கால் வைத்தவன் திரும்பினான். “கடைசியா அவனுக்கு ஒண்ணுமே எறங்கலீங்க. அவன் பங்கையும் நாங்கதான் தின்னோம். அம்மாகிட்டச் சொல்லிராதீங்க.”

சொல்லவில்லை. அம்மா போயும் வெகுகாலம் ஆகிறது. அந்தக் கடை இருந்த இடத்தில்தான் இந்தப் புது ஓட்டல். இங்கே சாப்பாட்டை நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். சலீமை நினைத்துக்கொண்டு நாலாவது தடவையும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். யாரும் தலையையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. “போதுமா சாமி” என்று கேட்கவும் ஆளில்லை.